கம்பெனி ஊரை விட்டுப் போன ஆறு மாதம்

இதைப் படிக்கப்போகிற நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்களாகத்தான் இருப்பீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டு. நம் வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். பிள்ளைகள் வேலை பார்க்கும் பெரிய கம்பெனி, தன் தலைமை ஆபீஸை மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகிறதாம். என் மருமகள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "லிஸ்ட்ல பேர் குடுக்கட்டுமா, வேணாமா அத்தே?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? ஆனால் லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறொரு லிஸ்ட் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதில் என் அம்மாவின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் கோட்டைக்குப்பம். பக்கத்தில் பழவேற்காட்டில் ஓர் இறால் கம்பெனி இருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் அது வாயில் நுழைந்ததில்லை, கம்பெனி என்றுதான் சொல்வோம். அதன் முதலாளி எங்கள் ஏரிக்கரையில் ஓர் ஓலைக் கொட்டகையில் ஐஸ் பெட்டியோடு தொழிலை ஆரம்பித்தவர். பிறகு எங்கெங்கோ கிளைகள் வந்தன, கப்பலில் இறால் போனது. ஆனாலும் தலைமை ஆபீஸ் மட்டும் இங்கேயே இருந்தது. இரண்டு மாடிக் கட்டடம், ஐஸ் பேக்டரி, இறால் உரிக்கும் ஷெட்டு, வாசலில் எப்போதும் இரண்டு லாரி. மாடியில் மேனேஜர் அறையில் தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் பேசப்பட்ட செய்தி.

அந்த ஷெட்டில் நாற்பது பெண்கள் இறால் உரித்தார்கள். அம்மா அதில் ஒருத்தி. நைனாவின் அக்கா, என் அத்தை, இன்னொருத்தி. காலை ஏழு மணிக்குக் கம்பெனி சங்கு ஊதும். அத்தை எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாமே, இன்னும் கொண்டை போட்டு முடியலியா? ஜல்தி வா" என்று கத்துவாள். அவர்கள் போன பிறகும் அந்தக் குரல் கொஞ்ச நேரம் தெருவில் இருக்கும்.

மதியம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஷெட்டுக்குள் நுழைந்தால் ப்ளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைப் பிடுங்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணீர். செருப்பில்லாத காலில் அந்தக் குளிர் ஏறி வயிற்றுக்கு வரும். எனக்கு அது பிடிக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது இப்படி ஒரு குளிர்ந்த இடம் எங்கள் ஊரில் வேறு ஏது? அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி இருக்கும். அதே கையால் சோற்றைப் பிசைந்து எனக்கும் ஒரு வாய் ஊட்டுவாள். அவள் மார்பில் பதினேழு என்று எண் போட்ட தகரப் பட்டை ஒன்று ஊக்கில் தொங்கும். அந்தத் தகரத்தை அவள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். நகைக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை, நகை இருந்திருந்தால்தானே.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். ஏரியின் முகத்துவாரம் மணல் தட்டிக்கொண்டே போகிறது, பெரிய படகு வர வழியில்லை, கம்பெனி விசாகப்பட்டினத்துக்கு மாறுகிறது என்றார். ஆபீஸ், ஐஸ் பேக்டரி, ஷெட்டு, எல்லாம். "இங்க வேலை பார்த்தவங்களை விட்டுட மாட்டோம். இப்போதைக்குப் பத்துப் பேருக்கு இடம் இருக்கு, மத்தவங்களை அப்புறம் பார்க்கலாம். வர்றதுக்கு இஷ்டம் இருக்கிறவங்க பேர் குடுங்க."

நாற்பது பேரும் பெயர் கொடுத்தார்கள்.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டதாம். குழந்தை குட்டிகளை விட்டுவிட்டு இத்தனை பேர் கம்பெனியோடு வரத் தயாராக இருக்கிறார்களே என்று முதலாளிக்கு அன்றே போன் போட்டுச் சொன்னாராம். பாவம், அவர் எங்கள் ஏரிக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

வெளியூரில் இருக்கும் உங்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் ஓடும் இடங்கள் சில, ஓடாத இடங்கள் பல. நல்ல இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். இன்று அங்கே வலை கட்டியவர் நாளைக்கு அடுத்தவருக்கு விட்டு நகர வேண்டும். அதிர்ஷ்டக்காரன் துரதிர்ஷ்டக்காரன் என்று கிடையாது, சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் எல்லாம் வரும். முறை முடிந்த பிறகும் இடத்தை விடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய குற்றம். திருடினவனைக்கூடத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

ஆகவே விசாகப்பட்டினத்தில் பத்து இடம் என்றதும் எங்கள் பெண்களுக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. பத்து இடம், நாற்பது பேர். பாடு போட வேண்டியதுதான். ஆறு மாதம் பத்துப் பேர், அடுத்த ஆறு மாதம் அடுத்த பத்துப் பேர். வலைக் கொட்டகையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இதை மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாற்பது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பொழுது மேற்கே சாயும் என்று யாராவது யாரிடமாவது போய்ச் சொல்வார்களா?

சீட்டை எடுக்கச் சின்னப் பிள்ளை வேண்டும் என்று என் தம்பியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவனுக்கு மூன்று வயது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கடலை மிட்டாய்த் துண்டு கேட்டான். எட்டாவதாக அவன் எடுத்தது அம்மாவின் சீட்டு. பதினோராவது சீட்டு அத்தையுடையது.

"ஒரு சீட்டுல தப்பிப்போச்சு பாத்தியா" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "சரி போ, இன்னா பண்றது. தையில நீ, ஆடி முடிஞ்சா நானு. ரயில்ல நல்லா ஜன்னல் ஓரமா குந்திக்கினு போவேன்."

முதல் பத்துப் பேரின் பெயரை மேனேஜரிடம் கொடுத்தார்கள், அவர் நீட்டிய காகிதத்தில் அந்தப் பத்துப் பேரும் கைநாட்டு வைத்தார்கள். நைனா எப்போதுமே அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆறு மாதம்தானே என்று மட்டும் சொன்னார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். விரலை மடக்கி எண்ணினால் ஒரு கையும் ஒரு விரலும்.

ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பஸ் வந்த அன்று அம்மா அழவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் அழுதார்கள். அம்மா ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தட்டிவிட்டு, வண்டி கிளம்பியதும் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு குஷி இருந்தது. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்தவள், பொன்னேரியைத் தாண்டி எதையும் பார்க்காதவள். இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. பல நாள் அவள்மேல் ஆத்திரமாக இருந்தேன்.

கம்பெனி போனதும் முதலில் நின்றது சங்கு. ஒரு சங்கு இல்லாமல் ஒரு ஊர் இவ்வளவு தடுமாறும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரே அதை வைத்துத்தான் மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறார். முதல் வாரம் ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதம். பால்காரர் வெயில் ஏறி வந்தார். கம்பெனி வாசலில் இருந்த டீக்கடைக்காரர் ஒரு மாதம் ஈ ஓட்டிவிட்டுப் பெஞ்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். லாரி டிரைவர்களுக்கு விட்ட அறைகளில் பூட்டுத் தொங்கியது. பொன்னேரி பஸ்ஸில் இரண்டு நடை குறைத்துவிட்டார்கள். பெரியவர்கள் எங்கே கூடினாலும், "ஊரு முடிஞ்சுதுபா" என்பார்கள். அதை ஒருவித திருப்தியோடுகூடச் சொல்வார்கள். நான் நிஜமாகவே ஊர் முடிந்துவிடும் என்று நம்பி, முடிந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஏரிக்கரைக்குப் போய் நின்றிருக்கிறேன். ஏரி எப்போதும்போல இருந்தது. நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன.

சிக்கல் என்னவென்றால் இறால் நிற்கவில்லை. முகத்துவாரம் எப்படி இருந்தாலும் எங்கள் சின்னப் படகுகளுக்கு வலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வாங்க ஆளில்லை, போட்டு வைக்க ஐஸ் இல்லை. மணலில் பரப்பிக் காயவைத்தார்கள். எத்தனை நாளைக்குக் கருவாட்டையே பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் அத்தை கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். "நான் பொன்னேரிக்குப் போறேன். வர்றவ வா."

முப்பது பேரும் போனார்கள். முப்பது கூடையும் ஒரே பஸ்ஸில். பள்ளி விடுமுறை என்று நானும் ஒட்டிக்கொண்டேன். கண்டக்டர் படியில் நின்று, "இது பஸ்ஸா, மீன் லாரியா? எறங்குங்கம்மா!" என்று அலறினார். யாரும் இறங்கவில்லை. இறால் தண்ணீர் ஒழுகி ஒரு வாத்தியாரின் வேட்டி முழுக்க நனைந்தது. பொன்னேரி மார்க்கெட்டில் முப்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தால் வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம்தானே. ஒருத்தி சொன்ன விலைக்கு அடுத்தவள் குறைத்தாள், அவளுக்கு அடுத்தவள் அதிலும் குறைத்தாள். பன்னிரண்டு மணிக்குள் கூடைகள் கவிழ்ந்து, இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாதி இறால் சாக்கடையில் கிடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பாதி வழியில் அத்தை எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏம்மே, நம்ம ஆம்பளைங்க ஏரியில இப்டியா முடியப் புட்ச்சிக்கினு உருள்றாங்கோ? பாடு போட்டுக்கினு அவனவன் எடத்துல கம்முனு கீறான். பொம்பளைக்கு மட்டும் இன்னா கேடு? ஒரே மார்க்கெட்டுதான் கீதா ஒலகத்துல?"

"ஏரி வேற, மார்க்கெட்டு வேற அக்கா" என்று ஒருத்தி முனகினாள்.

"இன்னா வேற? அங்க மீனு வர எடத்துக்குப் பாடு. இங்க ஆளு வர எடத்துக்குப் பாடு. அவ்ளோதான்."

மறுநாளே சீட்டுப் போட்டார்கள். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, காட்டூர். ஒரு இடத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான், மற்றவர்கள் ஏரிக்கரையில் தரம் பிரிக்க வேண்டும், மறுநாள் மாற வேண்டும். காட்டூர்ப் பாடு வந்தால் எல்லாருக்கும் முகம் சுருங்கும். அங்கே விவசாயக் குடும்பங்கள். இறாலுக்குப் பதிலாக நெல்லைக் கொடுப்பார்கள், கத்திரிக்காயைக் கொடுப்பார்கள். போகும்போது இருந்ததைவிட வரும்போது கூடை கனக்கும். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காட்டூர் நெல்லால்தான்.

நண்டு இன்னொரு கதை. கம்பெனி இறாலைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காது. வலையில் மாட்டும் நண்டு பிள்ளைகளுக்கு ரசம் வைக்கத்தான். இறால் ஐஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்காது, நண்டோ கொடுக்கைக் கயிற்றால் கட்டி ஈரச் சாக்கில் போட்டால் மறுநாள் வரை முறைத்துக்கொண்டிருக்கும். இது எங்கள் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் கம்பெனி இருந்தவரை ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மீஞ்சூரில் உயிர் நண்டுக்கு ஆட்கள் காத்து நின்றார்கள். அத்தை அங்கே போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு அதையே பேசுவாள்.

அவள்தான் எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டாள். போடும்போதெல்லாம் அம்மாவைத் திட்டுவாள். "ஒங்கம்மா அங்க நாஷ்டா துன்னுட்டு ஜாலியா குந்திக்கினு கீறா. நான் இங்க ஒங்க மூக்கைத் தொடச்சிக்கினு கீறேன். வரட்டும் ஆடி." ஆடி என்று சொல்லும்போது அவள் குரல் மாறிவிடும். ஒரு தகரப் பெட்டி வாங்கி அதில் இரண்டு புதுச் சேலையை மடித்து வைத்திருந்தாள். நான் அதைத் தொட்டால் கையில் அடிப்பாள்.

ஆடி வந்தது. ஆடி போயிற்று. பஸ் வரவில்லை.

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆனது. போன பத்துப் பேரிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை. முதலில் மழை என்றார்கள், ரயில் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் யாரோ அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். பாடு முடிந்தும் விடவில்லை. அதற்கப்புறம் ஊர் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. கம்பெனிக்கு இது தெரியுமா, அவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஊரில் படித்தவர்கள், பட்டணம் போய் வந்தவர்கள், பஞ்சாயத்தில் நியாயம் சொல்கிறவர்கள், அத்தனை பேரும் இருந்தார்கள். எங்கள் முறை எங்கள் கரையோடு நின்றுவிடும் என்பது யாருக்குமே உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

பஞ்சாயத்தில் அத்தைதான் முதலில் எழுந்தாள். "எங்க தம்பி பொண்டாட்டின்னா மட்டும் நாயம் மாறிடுமா? என் பாட்டை அவ புட்ச்சி வெச்சிக்கினு கீறா. நீங்களே சொல்லுங்கோ."

ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். ஏரியில் பாடு தப்பினவனுக்கு என்ன முறையோ அதேதான் இதற்கும். போன பத்துப் பேரும் திரும்பி வந்து இடத்தை விடுகிறவரைக்கும், அந்தந்த வீட்டு ஆண்களுக்கு ஏரியில் பாடு கிடையாது.

அத்தை அப்படியே நின்றாள். தன் தம்பியையே கரையில் உட்கார வைத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பேசாமல் உட்கார்ந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு ஒரு சொட்டும் இரக்கம் வரவில்லை. அன்று அவள் போட்ட சோற்றை நான் சாப்பிடவும் இல்லை. தம்பி சாப்பிட்டான், அவனுக்கு என்ன தெரியும்.

நைனா மறுநாளும் விடியலில் எழுந்தார். பழக்கம். படகு வரைக்கும் போய், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் வலையோடு போவதைப் பார்க்காமல் இருக்க, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அந்த முதுகைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு நீலக் கடுதாசி வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். "அம்மாவுக்கு எழுது. எல்லாரும் நல்லா கீறோம். தம்பி நல்லா துன்றான். நீ ஒடம்பைப் பாத்துக்கோ. அவ்ளோதான்."

"வேற?"

"வேற இன்னா கீது? அவ்ளோதான்."

எழுதினேன். அவர் எழுந்து போனதும் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் நானாக எழுதினேன். நைனா ஏரிக்குப் போகவில்லை. நீ அத்தையோட பாட்டை விடாமல் வைத்திருக்கிறாய் என்று ஊர் சொல்கிறது. எழுதிவிட்டு எச்சில் தொட்டு ஒட்டி, ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் கையை விட்டு எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், என் கை முழங்கைக்கு மேல் நுழையவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. வலைக் கொட்டகையில் எல்லாரும் கூடி, வரும் வாரத்துக்குச் சீட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். மதிய பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினாள். கையில் ஒரு பை மட்டும். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கிட்டே வந்தாள், ஈரக் கையோடு இருந்த என்னை அப்படியே இழுத்து இடுப்போடு அணைத்தாள்.

"ஒன் லெட்டரை மேஸ்திரிகிட்ட குடுத்து நாலு தடவை படிக்கச் சொன்னேன்" என்றாள். "குடத்தை வெச்சிட்டு வா."

வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். நேராக வலைக் கொட்டகைக்கு நடந்தாள்.

அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆடியோட ஆறு மாசம் முடிஞ்சுதுங்க, எங்களை ஊருக்கு அனுப்புங்கனு மேனேஜர்கிட்ட சொன்னேன். இன்னா முடிஞ்சுதுன்னாரு. எங்க பாடு முடிஞ்சுது, அடுத்த பத்துப் பேரு வரணும்னேன். அவுரு சிரிச்சாரு. அப்டி ஒரு பேச்சே கெடையாது, மூணு வருசத்துக்குக் கைநாட்டு வெச்சிக்கிறீங்கன்னாரு. எங்களுக்கு அப்பதான் தெரிஞ்சுது. இத்தை எப்டி எழுதறதுன்னு தெரியாம பத்துப் பேரும் முழிச்சிக்கினு இருந்தோம். அதுக்குள்ள என் பொண்ணு லெட்டரு வந்துது."

பின்னால் ஒருவர் "அடக் கடவுளே" என்றார்.

"அப்ப நீ எப்டிம்மா வந்த?" என்றார் தலைவர்.

"சண்டை போட்டுக்கினு வந்தேன். பத்து நாளு அவுரு ரூம் வாசல்லியே குந்திக்கினேன். கடைசியில என் எடத்துக்கு ஒரு ஆளை அனுப்பலாம்னு ஒத்துக்கினாரு. அதுக்கப்புறந்தான் ரயில் ஏறினேன்." அம்மா அத்தை பக்கம் திரும்பினாள். "நான் யாரு பாட்டையும் புட்ச்சிக்கினு குந்திக்கல. அண்ணி, பொட்டிய எடுங்க. ஒங்க பாடு."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். ஆறு மாதமாக அவள் இந்த வார்த்தைக்காக ஊரையே ஒரு பாடு படுத்தியவள். தம்பியின் பிழைப்பையே நிறுத்தியவள். அவள் எழுந்து நிற்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு எனக்கு மீஞ்சூரு" என்றாள்.

"இன்னா அண்ணி?"

"மீஞ்சூருமே. நாளைக்கு நண்டுக்கு ஆளுங்க வருவாங்கோ, சொல்லி வெச்சிக்கிறாங்கோ. அத்த வுட்டுட்டு நான் எங்க போறது அவ்ளோ தூரம்?"

தலைவர் மற்றவர்களைக் கேட்டார். ஒருத்திக்குக் கும்மிடிப்பூண்டி. ஒருத்திக்குக் காட்டூரில் ஒரு வீட்டில் நெல் வர வேண்டியிருந்தது. ஒருத்தி, "என்னால ஐஸ் தண்ணியில நிக்க முடியாதுப்பா, இப்பதான் வெரலு வெரலா ஆயிக்கீது" என்று கையை விரித்துக் காட்டினாள். முப்பது பேரில் ஒருத்தியும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. கம்பெனி இல்லாவிட்டால் ஊர் முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே கூட்டம்தான். அவர்களுக்கே அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா அந்த வேலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். கொடுக்க வந்தாள், வாங்க ஆளில்லை. அவள் திரும்பிப் போகவும் முடியாது, அங்கே தன் இடம் இன்னொருத்திக்கு என்று சொல்லிவிட்டு வந்தவள். இங்கே ஷெட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரு மார்க்கெட் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது. அவள் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன்.

"அப்ப எனக்கு?" என்று கேட்டாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தே விட்டாள்.

"ஒனக்கு இன்னா? வியாயக்கெயமை பொன்னேரி. பாட்டுல பேரு அடிக்கிற பழக்கம் நம்மளுக்கு எப்பமே இருந்துது? போன பத்துப் பேரு பேரும் மொத நாள்ல இருந்து சீட்டுலதான் கீது. ஒன் நாளு வந்தா ஒரு எடம் சும்மாதான் கெடக்கும். எவளும் குந்தல. குந்த வுடுவேனா நானு?"

எனக்கு இது தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. ஆண்கள் ஊரைக் கூட்டி எங்கள் வீட்டுப் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் யாரையும் கூட்டாமல் அம்மாவின் பாட்டை வைத்திருந்தார்கள். தினமும் அவளைத் திட்டிக்கொண்டேதான் வைத்திருந்தார்கள்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பஸ் ஏறிய அன்று அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் ஆத்திரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தலைவர் நைனா பக்கம் திரும்பி, நாளைக்கு எந்த இடம் என்று மட்டும் சொன்னார். நைனா தலையாட்டினார்.

மற்ற ஒன்பது வீட்டு ஆண்களுக்கும் பாடு திரும்பியது, வருவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம் என்று அந்த ஒன்பது பேருக்கும் ஊர் சார்பில் கடிதம் போயிற்று. பாதிப் பேர் அடுத்த பொங்கலுக்குள் வந்துவிட்டார்கள். சிலருக்கு அந்த ஊர் பிடித்துப்போய் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டார்கள், இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் தெலுங்கில்தான் பேசுகிறார்கள். மேனேஜர்மேல் இன்று எனக்குக் கோபம் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை அம்மா நண்டுச் சாக்கோடு பஸ் ஏறினாள். கொடுக்கைக் கட்டத் தெரியாமல் கட்டி, விரலில் துணி சுற்றியிருந்தாள். அத்தைக்கு அன்று ஏரிக்கரையில் தரம் பிரிக்கும் முறை, ஆனாலும் சாக்கைத் தூக்கி வைக்க வந்திருந்தாள். கண்டக்டர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆளு புதுசா?"

"புதுசு இல்லப்பா" என்றாள் அத்தை, கீழே நின்றபடியே. "வியாயக்கெயமை இவுளோடதுதான்."